கை மடக்காத நாலரை மணி நேரம்

மூக்கு அரிக்குது. வலது பக்கம், நுனிக்குக் கொஞ்சம் மேல. சொறியலாம்னா ரெண்டு கையிலயும் ஊசி இருக்கு, முழங்கை மடிப்புல, பேனா ரீஃபில் தண்டியில. “தம்பி, கைய மடக்கப்பிடாது, கேட்டியளா? மடக்கினா மெஷின் கத்தும், நானும் கத்துவேன்”ன்னு எட்டேகாலுக்கே சிஸ்டர் பிரிசில்லா சொல்லிட்டாங்க. நாகர்கோவில்காரங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனா கத்துவாங்கன்னு முகத்தப் பாத்தாலே தெரியுது. இப்ப மணி ஒம்போது அம்பது. பன்னெண்டே முக்கால் வரைக்கும் ரெண்டு கையையும் நீட்டிப் போட்டுட்டு இப்படியே கிடக்கணும். இடது கையில இருந்து ரத்தம் போகுது, பக்கத்துல நிக்கிற மெஷின் அதைச் சுத்தோ சுத்துன்னு சுத்தி ஒரே ஒரு சமாச்சாரத்த மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு, மிச்சத்த வலது கை வழியாத் திருப்பி அனுப்புது. சத்தம் எங்க வீட்டுக் கிரைண்டர் சத்தமேதான். அது எடுக்குறது ஸ்டெம் செல். ரத்தத்துக்கு விதைன்னு வச்சுக்கங்கன்னு டாக்டர் சொன்னார். விதை போகப் போறது முப்பத்தாறு வயசு ஒரு அக்காவுக்கு. பேரு தெரியாது, ஊரு தெரியாது, ஒரு வருஷம் வரைக்கும் ரெண்டு பக்கமும் தெரியக்கூடாதுங்கிறது விதி. ரத்தப் புற்றுநோய். அவங்க எலும்புக்குள்ள இருந்த பழைய விதையெல்லாத்தையும் ஆறு நாளா மருந்து ஏத்தி மொத்தமா அழிச்சாச்சு, இனிமே அவங்க உடம்புல புது ரத்தம் ஊறணும்னா என்னோடது போய்ச் சேரணும், வேற வழியே கிடையாது. போதுமான அளவு சேரணும். ஒரே நாள்ல சேரலைன்னா நாளைக்கும் வந்து இதே கட்டில்ல படுக்கணும்னு காலையில கையெழுத்துப் போட்ட தாள்ல ஒரு வரி இருந்துச்சு. நாளைக்குப் பதினொண்ணு இருவதுக்கு எனக்கு ஃப்ளைட். ஜெர்மனி. திங்கட்கிழமை வேலையில சேரணும். மூக்கு இன்னும் அரிக்குது.

நான் பட்டியல் போட்டு வாழுற ஆளு. அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் கிடையாது. லேப்டாப்ல ஒரு ஃபைல் இருக்கு, “வாழ்க்கை ஃபைனல் 3”ன்னு பேரு, அதுக்கு முன்னாடி ஃபைனல் 1, ஃபைனல் 2 இருந்தது வேற கதை. இருபத்தி நாலுல டீம் லீடர், இருபத்தி ஏழுல வெளிநாட்டு மொழி ரெண்டு நிலை, இருபத்தி ஒம்போதுல வெளிநாட்டு வேலை, முப்பதுல கல்யாணம், முப்பத்தி ரெண்டுல அம்மாவுக்கு முட்டு ஆபரேஷன். முடிஞ்சதெல்லாம் பச்சை, இன்னும் முடியாதது மஞ்சள், தவறிப் போனா சிவப்பு, அது இதுவரைக்கும் வந்ததே இல்ல. இது அப்பாகிட்ட இருந்து வந்த வியாதி. அப்பா மணவாளன், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பரா இருந்தவர். டி.கே. சார்னா டிரைவர்களுக்கெல்லாம் வயித்தக் கலக்கும். எட்டு நாப்பத்தி மூணு பஸ்ஸு எட்டு நாப்பத்தி நாலுக்கு நின்னா மைக்ல மானத்த வாங்கிருவார். எங்க வீட்டுல பொங்கல் பானை பொங்குறதுக்குக்கூட நேரம் எழுதி வச்சிருப்பார், பானை கேக்காது, அம்மாவத் திட்டுவார். இப்ப ரிட்டயர்டாகி, இதோ என் கால்மாட்டுல பிளாஸ்டிக் நாற்காலியில, சட்டைப் பையில ரெண்டு பேனாவோட உக்காந்துக்கிட்டு, மெஷின்ல ஓடுற நிமிஷத்த வாட்ச்சோட ஒத்துப் பாத்துக்கிட்டு இருக்கார். “இது ரெண்டு நிமிஷம் ஸ்லோடா, இளம்பரிதி”ங்கிறார். நூத்தி எழுபது நிமிஷம் பாக்கி. இல்ல, நூத்தி அறுபத்தி எட்டு. ஃபைனல் 3-ல இன்னிக்குத் தேதிக்கு எதிர்ல “மருத்துவமனை, 8 முதல் 2 வரை”ன்னு இருக்கு, நாளைக்கு எதிர்ல “விமானம்”னு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரி விட்டிருக்கலாம். விடலை.

இதுல வேடிக்கை என்னன்னா, இங்க வந்து படுத்ததுக்குக் காரணமே ஒரு கணக்குத்தான். ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டாம் வருஷம் இன்ஜினீயரிங். எழுபத்தஞ்சு சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லைன்னா பரீட்சை எழுத விடமாட்டான். நான் எழுபத்தி நாலு புள்ளி ஆறுல நிக்கிறேன். வகுப்புக்குப் போய் ஏத்திக்கலாம்தான், ஆனா அன்னிக்கு மத்தியானம் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் டெஸ்ட், ஒரு எழுத்துப் படிக்கல. அப்பதான் ஒருத்தன் வந்து, ஆடிட்டோரியத்துல ரத்ததான முகாம், பேர் குடுத்தா ஓ.டி. உண்டுன்னான். ஓ.டி.ன்னா ஆன் டியூட்டி, வகுப்புல இல்லாமலே வந்த கணக்கு. அந்த ரெண்டெழுத்துக்காக எங்க காலேஜ் பசங்க மரம் நட்டிருக்கோம், கடற்கரையக் கூட்டியிருக்கோம், யார்னே தெரியாத மந்திரிக்குக் கை தட்டியிருக்கோம். நானும் ஓடிப் போய் வரிசையில நின்னேன். அது ரத்ததான வரிசை இல்ல, பக்கத்து வரிசை. ஒரு பொண்ணு ஒரு பாரத்தக் குடுத்துச்சு, என்ன ஏதுன்னு ஒரு வரி படிக்காம ஆறு இடத்துல கையெழுத்துப் போட்டேன். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பஞ்சுக் குச்சியக் கன்னத்துக்குள்ள விட்டுத் தேய்ச்சாங்க. ஊசியே இல்லையேன்னு சந்தோஷமா வந்துட்டேன். எழுபத்தஞ்சு புள்ளி ஒண்ணு ஆயிருச்சு. அதோட மறந்தாச்சு. அந்தக் குச்சி என்ன ஆச்சு, எங்க போச்சு, எந்த லேப்ல என்னத்த எழுதி எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சாங்கன்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்ல. நான் ஃபைனல் 1-ஐ ஃபைனல் 2 ஆக்கிக்கிட்டு இருந்தப்ப, என் எச்சில் ஒம்போது வருஷம் ஒரு மூலையில உக்காந்து இந்த அக்காவுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. நினைச்சாலே மேலெல்லாம் புல்லரிக்குது. புல்லரிச்சாலும் கைய அசைக்கக்கூடாது.

மார்ச் முதல் வாரம் போன் வந்துச்சு. அஃப்ரீன்னு ஒரு பொண்ணு, ஸ்டெம் செல் குடுக்கிறவங்க பதிவு வச்சிருக்கிற அமைப்புல இருந்து. “சார், நீங்க காலேஜ் படிக்கறப்ப எங்ககிட்டப் பதிவு பண்ணியிருக்கீங்க, ஞாபகம் இருக்கா?” எனக்கு எங்க ஞாபகம்? க்ரெடிட் கார்டு விக்கிறாங்கன்னு நினைச்சேன். வைக்கப் போனேன். “ஒரு பேஷண்டுக்கு நீங்க ஒத்துப்போறீங்க சார்”னாங்க. வைக்கல. மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்து உறுதி பண்ணிட்டு, மார்ச் பதிமூணு முடியுமான்னு கேட்டாங்க. நான் என்ன செஞ்சேன்? ஃபைலைத் திறந்தேன். மாசக் கடைசியில விசா நேர்காணல். அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு பெரிய வேலைய முடிச்சு ஒப்படைக்கணும். அஞ்சு நாள் ஊசி போட்டுக்கிட்டா உடம்பு வலிக்கும், காய்ச்சலடிக்கும்னு எங்கயோ படிச்சிருந்தேன். “ஏப்ரல் பதினேழு வச்சுக்கலாமா?”ன்னேன். பல் டாக்டர்கிட்ட நேரம் மாத்திக் கேக்குற குரல்ல கேட்டேன். “கேட்டுப் பாக்குறேன் சார்”ன்னாங்க. கேட்டுட்டு, சரின்னாங்க. திட்டல, கெஞ்சல. திட்டியிருக்கலாம். மார்ச் பதிமூணுல இருந்து ஏப்ரல் பதினேழு, அஞ்சு வாரம். கரெக்டா அஞ்சு வாரம். பதினேழு வந்தப்ப அந்த அக்காவுக்குக் காய்ச்சல், நெஞ்சுல சளி, இப்ப முடியாதுன்னு அவங்க டாக்டர் தள்ளினார். தள்ளித் தள்ளி, கடைசியில மே ரெண்டாந்தேதி, என் ஃப்ளைட்டுக்கு முந்தின நாள்ல வந்து விழுந்துச்சு. நான் தள்ளாம இருந்தா அந்தக் காய்ச்சலுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். முடிஞ்சிருக்குமா? அந்தக் காய்ச்சல் அந்த அஞ்சு வாரத்துக்குள்ளதானே வந்துச்சு? வேற எதனாலயாவது வந்திருக்கலாம். வராமயும் இருந்திருக்கலாம். இதை அஃப்ரீன்கிட்டக் கேக்கணும்னு ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வருது, கேட்டா பதில் சொல்லிருவாங்களேன்னு பயமா இருக்கு. அஞ்சு வாரம். ஆபீஸ் வேலைய முடிச்சதுக்கு எனக்கு ஒரு கேக்கு வெட்டினாங்க, சாக்லேட் கேக்கு, நல்லாத்தான் இருந்துச்சு.

உதடு சுருசுருங்குது. அன்னாசிப்பழத்த நிறையத் தின்ன மாதிரி. “அது கால்சியம் கொறையுது தம்பி, பயப்படாதிங்க”ன்னு சிஸ்டர் ரெண்டு மாத்திரைய வாயில போட்டு, ஸ்ட்ரா வச்சுப் பாலு குடுத்தாங்க. நான் குடிக்கிறத அப்பா வாயத் திறந்துக்கிட்டுப் பாக்குறார். இடுப்பெலும்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அஞ்சு நாளாவே அப்படித்தான், ஊசி போட்டு எலும்புக்குள்ள இருக்குற விதையெல்லாம் கிளப்பி விட்டிருக்காங்க, கூட்டம் தாங்காம அதுக ரத்தத்துல வந்து இறங்குதாம். நேத்து ராத்திரி புரண்டு படுக்க முடியல. ஆனா வலியவிட ஆச்சரியமா இருந்துச்சு. என் உடம்பு ஒரு செகண்டுக்கு இருபது லட்சம் சிவப்பணு உண்டாக்குதாம். ஒரு செகண்டுக்கு! நான் மூக்கு அரிக்குதுன்னு யோசிக்கிற நேரத்துல கோடிக்கணக்குல செஞ்சு தள்ளியிருக்கும். என்கிட்ட எந்த ஃபைலும் கேக்காம, இருபத்தி ஒம்போது வருஷமா, நான் தூங்குறப்ப, டெஸ்ட்டுக்குப் பயந்து ஓடுறப்ப, கேக்கு தின்னுறப்ப, சும்மா வேலை பாத்துக்கிட்டே இருந்திருக்கு. டாக்டர்கிட்ட, “இதை அவங்களுக்கு எப்படி சார் வைப்பீங்க, எலும்பைத் துளைச்சா?”ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். “சாதாரணமா ரத்தம் ஏத்துற மாதிரி கையில ஏத்துவாங்க. அதுகளே உடம்பெல்லாம் சுத்தி, எலும்பைத் தேடிப் போய் உக்காந்துக்கும்.” “வழி யாரு சொல்றது?” “கொஞ்சம் தெரியும், மிச்சம் எங்களுக்கும் தெரியாது”ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எனக்கு அதுல இருந்து வேற எதுவும் ஓடமாட்டேங்குது. முன்னப் பின்ன பாக்காத ஒரு உடம்பு. எல்லா அறையும் காலி. அதுக்குள்ள போய், இருட்டுல, தன் இடத்தக் கண்டுபிடிச்சு உக்காந்து, ரெண்டு மூணு வாரத்துல வேலைய ஆரம்பிக்குமாம். நான் கோயம்பேட்டுல இறங்கி வடபழனி போறதுக்கு மேப்பைப் பாத்துக்கிட்டே நாலு பேர்கிட்ட வழி கேட்ட ஆளு. என்கிட்ட இருந்தா இதெல்லாம் போகுது? சத்தியமா நம்பவே முடியல.

மூக்கு இப்ப தாங்கல. கண்ணுல தண்ணி வந்துருச்சு. சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. “அப்பா”ன்னேன். “என்ன, வலிக்குதா?”ன்னு எந்திரிச்சார். “மூக்கு.” அவருக்குப் புரியல. “மூக்கு அரிக்குதுப்பா, சொறிஞ்சு விடுங்க.” டி.கே. மணவாளன் ஒரு நிமிஷம் அப்படியே நின்னார். எங்க வீட்டுல தொட்டுப் பேசுற பழக்கம் கிடையாது. ரேங்க் வாங்கினப்பகூட தோள்ல ஒரு தட்டு, அவ்வளவுதான். சின்ன வயசுல மூக்கச் சிந்தி விட்டிருப்பார், எனக்கு ஞாபகம் இல்ல. கைய வேட்டியில துடைச்சுக்கிட்டு, ஒத்தை விரலை நீட்டி, சுவிட்சு அமுக்குற மாதிரி மூக்கு மேல வச்சார். “இங்கயா?” “வலது பக்கம்.” “என் வலதா உன் வலதா?” “அய்யோ அப்பா, சொறிங்க!” சொறிஞ்சார். நகம் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன், அப்படி ஒரு சுகத்த நான் அனுபவிச்சதே இல்ல. நிறுத்தச் சொல்லணும்னு எனக்கும் தோணல, நிறுத்தணும்னு அவருக்கும் தோணல. கடைசியில அவராவே, “உங்கம்மாகிட்ட முதுகெலும்புல ஓட்டை போடலைன்னு சொல்லிட்டேன். நம்பல. போன்ல அழுறா. நீ கிளம்புற நேரத்துல இதெல்லாம் எதுக்குடான்னு நானுந்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்”ன்னு சொல்லிட்டுப் போய் நாற்காலியில உக்காந்துட்டார். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் வாட்ச்சப் பாக்கல.

பத்துக்குப் பத்துன்னு அஃப்ரீன் சொன்னாங்க. பத்து இடத்துல பொருத்தம் பாப்பாங்களாம், பத்தும் சேந்திருக்கு. போன வருஷம் அம்மா எனக்குப் பொண்ணு பாத்தப்ப ஜோசியர் பத்துக்கு ஏழுதான் வருதுன்னு உதட்டப் பிதுக்கினார், பொண்ணு வீட்டுல அதோட விட்டுட்டாங்க. ஒரு பத்துக்குப் பத்து வந்து சேந்தது இப்படி. கூடப் பிறந்தவங்களுக்குள்ளயே நாலுல ஒருத்தருக்குத்தான் சேருமாம். அந்த அக்காவுக்கு ரெண்டு தம்பி இருக்காங்களாம், ரெண்டு பேருக்குமே சேரல. ஒரே வயித்துல பொறந்து ஒரே தட்டுல தின்னு வளந்தவங்களுக்குச் சேரல, எனக்குச் சேருது. எப்படிங்க? அதுக்கு அஃப்ரீன், எங்கயோ ரொம்பப் பின்னால ரெண்டு குடும்பமும் ஒண்ணா இருந்திருக்கும் சார்னாங்க. எத்தனை தலைமுறை பின்னால? யாரோ ஒருத்தி, பேரு நமக்குத் தெரியாத ஒருத்தி, ரெண்டு பிள்ளை பெத்திருக்கா. ஒண்ணு பஞ்சத்துக்கோ சண்டைக்கோ பயந்து ஒரு திசையில போயிருக்கு, இன்னொண்ணு இன்னொரு திசையில. அதுல ஒண்ணோட கடைசி நான், அட்டெண்டன்ஸ் கணக்குப் போட்டுக்கிட்டு. இன்னொண்ணோட கடைசியில அந்த அக்கா, கிருமி அண்டாத கண்ணாடி அறையில, முடியெல்லாம் கொட்டிப் போய். எனக்கு அக்கா கிடையாது, ஒத்தப் பிள்ளை. இனிமே அவங்க ரத்த குரூப்பே மாறி என்னோடதாயிருமாம். ரத்தத்தச் சோதிச்சுப் பாத்தா ஆம்பள ரத்தம்னு காட்டுமாம். அவங்க சமைச்சு, புள்ளையத் திட்டி, சீரியல் பாத்து, பஸ்ஸுக்கு ஓடி, இன்னும் நாப்பது வருஷம் இருக்கணும், அத்தனை நாளும் உள்ள ஓடுறது என்கிட்ட இருந்து போனது. நான் ஜெர்மனியில செத்தாக்கூட அது பாட்டுக்கு ஓடும். எம்மாடி! இதை எந்த ஃபைல்ல எந்த வரியில நான் எழுதியிருக்க முடியும்?

மணி பன்னெண்டு அஞ்சு. ஒண்ணுக்கு முட்டுது. அதைப் பத்தி நினைக்கக்கூடாதுன்னு நினைச்சா அதேதான் நினைப்பு வருது. சிஸ்டர் ஸ்கிரீனை இழுத்துட்டு ஒரு பாட்டிலை அப்பா கையில குடுத்துட்டு, “அப்பாதானே, வெக்கம் எதுக்கு”ன்னு போயிட்டாங்க, அந்தக் கதைய விட்டுருவோம். இப்ப பயம் வேற பக்கமாத் திரும்புது. சேரலைன்னா? நான் அறுபத்தியோரு கிலோ, அவங்க என்னவிடக் கனமாம், கிலோவுக்கு இத்தனைன்னு கணக்காம். சிலருக்கு ஒரே நாள்ல சேருமாம், சிலருக்குச் சேராதாம், அது முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். நாளைக்கும் படுத்தா ஃப்ளைட் போச்சு. திங்கட்கிழமை சேரலைன்னா அந்தக் கம்பெனியில அடுத்த வாய்ப்பு அக்டோபர், அக்டோபர்ல எடுப்போமான்னு இப்ப சொல்ல முடியாதுன்னு ரெண்டு தடவை மெயில்ல எழுதிட்டாங்க. ரெண்டரை வருஷம் அதுக்காக உழைச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உக்காந்து அந்த மொழியோட மல்லுக்கட்டியிருக்கேன். அதை விடணும்னா வயிறு எரியுது, எரியலைன்னு சொன்னா பொய். சேந்துரும், சேந்துரணும், சேந்துருச்சுன்னா நான் நாளைக்கு ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு நல்லவனாவும் போலாம், திட்டம் போட்டவனாவும் போலாம். கொஞ்சம் சேரலைன்னா? இவ்வளவு போதும்னு நான் சொல்லிட்டா? சட்டப்படி நான் இப்ப எந்திரிச்சுப் போனாக்கூட யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. காலையில அதையும் படிச்சுத்தான் காட்டினாங்க, எப்ப வேணா நிறுத்திக்கலாம்னு. ஆனா அங்க அவங்க எலும்பு காலி. நான் பத்து நிமிஷமா மனசுக்குள்ள யாரோடயோ பேரம் பேசுறேன். யாரோடன்னு தெரியல. அஞ்சு வாரம் ஏற்கெனவே எடுத்துக்கிட்ட ஆளு நான்.

மெஷின் நின்னுருச்சு. நின்னதும் அறையே காது அடைச்ச மாதிரி ஆயிருச்சு. பன்னெண்டு நாப்பத்தி ஏழுன்னு அப்பா அறிவிச்சார். ஊசிய எடுத்துப் பஞ்சு வச்சுக் கட்டினாங்க, கைய மடக்கினா கிறீச்சுங்குது. “பாக்கியளா?”ன்னு சிஸ்டர் பிரிசில்லா மெஷினுக்கு மேல தொங்கின பையைக் கழட்டி என் முன்னால நீட்டினாங்க. சின்னப் பை. ஒரு டம்ளர் கொள்ளும். தக்காளிச் சாறு நிறம், ஆனா அதைவிடக் கெட்டி, லேசா மினுங்குது. நான் தொடலாமான்னு கேட்டேன். தொடுங்கன்னாங்க. வெதுவெதுன்னு இருந்துச்சு. நாலரை மணி நேரம், என் உடம்பு ரத்தம் முழுக்க ரெண்டு மூணு சுத்து வெளிய வந்து போய், அதுல இருந்து வடிச்சது இவ்வளவுதான். இதுலதான் ஒருத்தங்க முழுசா இருக்காங்க. இதுவரைக்கும் நான் கோயில்ல கண்ண மூடி நின்னிருக்கேன், அங்க நின்னா அழுகை வரும்பாங்க, எனக்கு வந்ததில்ல, அடுத்து என்னன்னுதான் யோசிச்சுக்கிட்டு நிப்பேன். இப்ப வந்துருச்சு. மூக்கு ஒழுகுது, கை ஃப்ரீயாத்தான் இருக்கு, துடைக்கத் தோணல. அப்பாவும் கிட்ட வந்து கண்ணாடிய ஏத்திக்கிட்டுக் குனிஞ்சு பாத்தார். “இதா?”ன்னார். “இவ்வளவு போதுமா ஒரு ஆளுக்கு?” சிஸ்டர் அதுல ஒரு துளிய எண்ணிப் பாக்க லேபுக்குக் குடுத்துட்டு, ஒரு மணி நேரம் ஆகும், சாப்பிடுங்கன்னு இட்லி குடுத்தாங்க. நாலு இட்லி தின்னேன். பசி அப்படி இருந்துச்சு.

ஒண்ணே முக்காலுக்கு அஃப்ரீன் வந்தாங்க. போன்லயே பேசின பொண்ண இப்பதான் நேர்ல பாக்குறேன், என்னவிட மூணு நாலு வயசு சின்னவங்களா இருப்பாங்க, கையில ஒரு தாள். வரும்போதே முகத்துல எழுதியிருந்துச்சு. “சார், கொஞ்சம் குறையுது. முக்கால்வாசி வந்துருச்சு. இதை இப்பவே அனுப்பிருவோம். மிச்சத்துக்கு...” நிறுத்திட்டாங்க. என் ஃப்ளைட் அவங்களுக்கும் தெரியும். “உங்கள நாங்க கட்டாயப்படுத்தக் கூடாது சார். அவங்க டாக்டர் இதை வச்சே முயற்சி பண்ணலாம்னும் சொல்றார். ஆபத்து கொஞ்சம் கூடும்.” அப்பா என்னப் பாத்தார். நான் அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாம இத்தனை நாள் தொண்டையில நின்னதக் கேட்டுட்டேன். “நான் அஞ்சு வாரம் தள்ளினேனே. அதனாலதான் அவங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா?” அஃப்ரீன் சட்டுன்னு இல்லைன்னு சொல்லிருவாங்கன்னு நினைச்சேன். சொல்லல. “தெரியாது சார். வந்திருக்கலாம், வராமயும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.” அப்புறம் தாளை மடிச்சுக்கிட்டே, “நான் இதைச் சொல்லக்கூடாது”ன்னாங்க. “உங்களுக்கு முன்னாடி மூணு பேரு ஒத்துப்போனாங்க. ஒருத்தர் வீட்டுல விடல. ஒருத்தர் யோசிச்சுச் சொல்றேன், யோசிச்சுச் சொல்றேன்னே ஒரு மாசத்த ஓட்டினார். ஒருத்தர் நம்பரையே மாத்திட்டார். நீங்க மட்டுந்தான் ஒரு தேதி சொன்னீங்க. பதினேழுன்னு சொன்னதும் அவங்க வீட்டுல பொண்ணு, எட்டு வயசோ என்னமோ, காலண்டர்ல வட்டம் போட்டுருச்சாம். தினமும் எத்தனை நாள்னு எண்ணி அம்மாகிட்டச் சொல்லுமாம். அம்மா அதுக்காகவே சாப்பிட்டாங்கன்னு அங்க இருக்கிற நர்ஸ் சொன்னாங்க சார்.” நான் ஃபைல்ல ஒரு கட்டத்த நிரப்புறதுக்காகச் சொன்ன தேதி. என் வசதிக்கு, என் விசாவுக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தங்க ஒவ்வொரு வாயா சோத்த முழுங்கியிருக்காங்க. இங்க நான் தள்ளிப் போட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன், அங்க ஒரு குழந்தை எண்ணிக்கிட்டு இருந்திருக்கு. போனை எடுத்து அந்தக் கம்பெனிக்குத் திங்கட்கிழமை வர முடியாதுன்னு ரெண்டு வரி எழுதினேன், அனுப்பிட்டேன். வயிறு எரிஞ்சுச்சு, எரியட்டும். டிக்கெட்டைப் பத்தி அப்பா என்னமோ கேட்டார், காதுல விழல. அஃப்ரீன் இன்னும் தாளோட நிக்கிறாங்க. “நாளைக்குச் சனிக்கிழமை. காலையில ஏழரைக்கு வந்துருவேன்”ன்னேன். “அந்தப் புள்ளைகிட்ட வட்டம் போட்டுக்கச் சொல்லுங்க.”